ஒரே சவ்வில் வெட்டிய இரண்டு வட்டங்கள்

ஜனவரி 12

தாடிக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் சாப்பிட்டாயா என்று கேட்டு முடிப்பதற்குள் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. ஆகவே இனிமேல் பார்சலோடு கடிதம்தான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அது சௌகரியம், உனக்குத் தண்டனை.

அலுமினிய உறையை அவசரப்பட்டுத் திறக்காதே. உங்கள் காற்றுப்புகாப் பெட்டிக்குள் கொண்டுபோன பிறகு ஓரமாகக் கிழி. உள்ளே இருப்பது என் சவ்வு. நாணயம் அளவு வட்டம். பார்த்தால் கண்ணாடிக் காகிதம், தொட்டால் ரப்பர். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலிகள், ஒவ்வொரு சிலிக்கானிலும் நான் ஒட்டிவைத்த ஒரு குட்டைக் கை. லித்தியம் அயனியை ஒரு கை பிடித்து அடுத்த கையிடம் கொடுக்கும், அது அதற்கடுத்ததிடம். இப்படியே கைமாறிக் கைமாறி அயனி பேட்டரியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேரவேண்டும். உனக்குத் தெரியாததா? ஆனாலும் எழுதுகிறேன். இதைச் சொல்லிச் சந்தோஷப்பட எனக்கு இங்கே ஆள் இல்லை.

இங்கே அளந்ததில் அயனியைக் கடத்தும் எண் நன்றாக வந்தது. ரொம்பவே நன்றாக. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

இனி நம் விஷயம். உங்கள் பேட்டரி நிறுவனம் இந்தச் சவ்வை எடுத்துக்கொண்டால் அதைச் செய்கிறவளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் என்று உங்கள் மேலாளர் சொன்னதாகச் சொன்னாய். சவ்வு தேறினால் நான் வருகிறேன். தேறாவிட்டால் வெறும் உன் மனைவியாக வந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. "வேலைய விட்டுட்டு வந்துடு, உன் சவ்வு எங்க ஓடியா போகப்போகுது" என்று ரயில் புறப்படும்போது நீ சொன்னதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் என் பக்கத்து மேசையில் நின்று என்னோடு சேர்ந்து குடுவை கழுவியவன் சொல்கிற பேச்சா அது?

சீக்கிரம் அளந்து எழுது.

ஜவ்வு


ஜனவரி 30

ஜவ்வுக்கு,

சவ்வு தேறவில்லை. சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் வழக்கப்படி எண்பது டிகிரியில், வேக்யூம் அடுப்பில், எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தினேன். நிற்பேனா என்றது. ஒவ்வொரு நாள் காலையும் எடுத்து நிறுத்தால் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். ஒருவழியாக நின்ற பிறகு அளந்தேன். நீ சொன்ன எண்ணில் நூறில் ஒரு பங்குதான் வந்தது. உலர்த்துவதற்கு முன்பும் ஒரு தடவை அளந்து வைத்திருந்தேன். அப்போது உன் எண் அப்படியே வந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். அயனியைச் சுமந்தது நீ ஒட்டிய கைகள் அல்ல. சவ்வை வார்த்தபோது உள்ளே தங்கிப்போன கரைப்பான்தான் சுமந்திருக்கிறது. பேட்டரிக்குள் வைத்தால் அந்தக் கரைப்பான் லித்தியத்தோடு மல்லுக்கு நிற்கும், சூடேறும், தீப்பிடித்தாலும் பிடிக்கும். உலர்ந்த சவ்வு ஒன்றுக்கும் உதவாது.

மேலாளரிடமும் இதையேதான் சொன்னேன். அவரை நாங்கள் 'நிதானம்' என்று கூப்பிடுவோம். கூரை இடிந்து விழுந்தாலும் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மனைவி செய்த சவ்வைக் கணவனே அளப்பது முறையா என்று முன்பே ஒருவர் கிளப்பியிருந்தார். அதற்கு நிதானம், "அவன் பொண்டாட்டி சமையலையே நல்லா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு. அவனே அளக்கட்டும்" என்றாராம். இன்னொரு சவ்வு அனுப்பச் சொல்லியிருக்கிறார். அதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்.

அக்கா வந்திருந்தாள். மேசைமேல் உன் உறையைப் பார்த்துவிட்டு, "என்னடா, அவ முழுசா வருவாளா, இல்ல இப்படித் துண்டு துண்டா பார்சல்லதான் வருவாளா?" என்றாள். சிரித்துவைத்தேன்.

தாடி


பிப்ரவரி 8

'ஒன்றுக்கும் உதவாது.' இந்த வார்த்தையைத் தேடிப் பிடித்தாயா, இல்லை தானாக வந்ததா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் மிச்சமிருந்த துண்டை நீ சொன்னபடியே உலர்த்தி அளந்தேன். நீ சொன்னது சரி. கரைப்பான்தான். இத்தனை வருஷமாக இதிலேயே உழல்கிறவள், பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற தப்பைச் செய்திருக்கிறேன். பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

தப்பு என்னுடையது, அதில் வழக்கில்லை. நீ சொன்ன விதம்தான் உறுத்துகிறது. உனக்கு இரண்டே பேச்சுதான் தெரியும் போலிருக்கிறது. ஒன்று, அரத்தை வைத்து ராவுகிற மாதிரி உண்மை. இன்னொன்று, ஆஸ்பத்திரியில் பேசினாயே, அது.

அதை எழுத்தில் கொண்டுவர வேண்டாம் என்றுதான் இருந்தேன். இனி குழந்தைக்கு வழியில்லை என்று டாக்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நீ கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒண்ணும் இல்ல, அடுத்த தடவை ஜாக்கிரதையா இருந்தா போதும்னாரு" என்றாய். அந்த வாரம் முழுக்க நான் அடுத்த தடவையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். பெயர்கூட யோசித்தேன். நீ தலையாட்டிக்கொண்டே ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாய். கடைசியில் நர்ஸ் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. குழந்தை போனதற்கு யாரையும் கோபிக்க முடியாது. அந்தத் தலையாட்டலுக்கு உன்னைக் கோபிக்க முடியும். இன்னும் கோபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஊரில் உன்னோடு வந்து இருக்காமல் இங்கே வேலை வேலை என்று ஒட்டிக்கொண்டிருப்பதற்குச் சவ்வு மட்டும் காரணம் இல்லை என்பது உனக்கும் தெரியும்.

அடுத்த சவ்வு எப்போது வரும் என்று தெரியாது.


பிப்ரவரி 20

ஜவ்வுக்கு,

நீ பெயர் போடாமல் எழுதினாலும் நான் போட்டுத்தான் எழுதுவேன்.

அன்றைக்குப் பொய் சொன்னேன். நீ முழுதாகக் கண் விழிக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் நீ பெயர் யோசிக்க ஆரம்பித்துவிட்டாய். அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை. இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நல்லதுக்காகச் சொன்னேன் என்று வாதாடப் போவதும் இல்லை.

ஆனால் ஒன்று. இனி உன்னிடம் எதையும் மாற்றிச் சொல்வதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். உனக்கு வலித்தாலும் சரி, எனக்கு வலித்தாலும் சரி. அதனால்தான் பேச்சு முரடாகிவிட்டது. முதல் சவ்வு தோற்றபோது உனக்கு எப்படி எழுதுவது என்று நாலு காகிதம் கிழித்தேன். பூசி மெழுகுகிறேனோ என்று பயந்து பயந்து கடைசியில் மிச்சமானதுதான் அந்த வரி.

வேலை விஷயம்: நீ லித்தியம் உப்பைத் தனியாகக் கலக்கிறாய். அதன் எதிர் அயனியைச் சங்கிலியிலேயே கட்டிவிட்டால் என்ன? லித்தியம் மட்டும் நகரட்டும். கரைப்பானையும் முடிந்தவரை குறை. கஷ்டம் என்று தெரியும், உன்னால் முடியாது என்று தோன்றவில்லை.

எனக்கு நீ சவ்வு இல்லாமலும் வேண்டும். இதைச் சொன்னால் என் வேலையை மட்டம் தட்டுகிறாய் என்பாய். அதற்காகச் சொல்லாமல் விட்டால் அதுவும் மறைப்பதுதான். ஆகவே எழுதிவிட்டேன்.

தாடி


ஜூன் 3

தாடிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. எழுத ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். நீ சொன்னபடி கட்டிப் பார்த்தேன். முதலில் குடுவைக்குள்ளேயே இறுகி, கரண்டியால் சுரண்டினாலும் வராத கட்டியாகிவிட்டது. பிறகு பிளாட்டினம் வினையூக்கி செத்துப்போய், கைகள் ஒட்டாமல் மொட்டைச் சங்கிலியாக எண்ணெய் மாதிரி கிடந்தது. பிறகு வார்த்த படலம் முழுக்கக் குமிழி. தட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறிந்தால் நான்தான் பொறுக்க வேண்டும்.

இதற்கு நடுவில் எங்கள் திட்டத்தை மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள். பேராசிரியர் ஓய்வுபெறுகிறார், அவருக்குப் பதில் ஆள் இல்லை. அறையை வேறு துறைக்குக் கொடுக்கிறார்கள். போன வாரம் வேக்யூம் அடுப்பைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. நான் என் ஸ்டூலையும் நாலு குடுவையையும் கட்டிக்கொண்டு மூலையில் நிற்கிறேன். சாவியைக் கேட்கும்வரை நிற்கலாம்.

ஆனால் ஒரு படலம் வந்திருக்கிறது. கரைப்பானை முழுதாக விட முடியவில்லை, விட்டால் கட்டிதட்டுகிறது. கொஞ்சமே கொஞ்சம் சேர்த்து, வார்த்த பிறகு பலமுறை கழுவியிருக்கிறேன். குமிழி இல்லை, விரிசல் இல்லை. அதன் நடுப்பகுதியில் இரண்டு வட்டம் வெட்டினேன். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. மிச்சம் ஓரம்தான், அது அளக்க லாயக்கில்லை. மருந்துகளும் தீர்ந்துவிட்டன. இன்னொன்று வார்க்க முடியாது.

உலர்த்தாமல் அளந்த எண்ணை உனக்குச் சொல்லப் போவதில்லை. சூடு கண்டவள் நான். நீ உலர்த்தி அளந்து சொல். என்னுடையதையும் எதையாவது வைத்து உலர்த்திப் பார்க்கிறேன்.

இது தேறாவிட்டால் எனக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு இடமும் இல்லை. பயமாக இருக்கிறது.

ஜவ்வு


ஜூன் 24

ஜவ்வுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. தேறிவிட்டது.

உலர்த்தினேன். எடை இரண்டாம் நாளே நின்றுவிட்டது. நம்பாமல் மறுபடி அடுப்பில் போட்டு, அதன் பிறகு நிறுத்தேன். அதே எடை. அளந்தேன். முதல் சவ்வு ஈரமாக இருந்தபோது காட்டிய எண்ணைவிடவும் இது நல்ல எண். எனக்கே சந்தேகம் வந்து, மின்முனைகளை மாற்றி, கம்பிகளை மாற்றி, கருவியை மாற்றி அளந்தேன். எண் அசையவில்லை. உன் கைகள்தான் சுமக்கின்றன, வேறு எதுவும் இல்லை.

நிதானத்திடம் காட்டினேன். மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். உனக்கு வேலை உத்தரவு தயாராகிறது, அடுத்த மாதமே வரச் சொல்வார்கள். சவ்வை ஒரு பேட்டரி செல்லுக்குள் வைத்து மூடி, நீண்ட நாள் ஓட்டத்துக்கு விட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் என் இடத்துக்குப் போகிறேன்.

உள்ளறையில் இருந்த என் மூட்டை முடிச்சுகளைக் காலி செய்து உனக்கு ஒரு மேசை போட்டிருக்கிறேன். வெளிச்சம் இடது பக்கம் வருகிற மாதிரி. அக்காவிடம் சொன்னேன். "அப்பாடா, இனிமேலாவது ரெண்டு பேரும் நேர்ல சண்ட போடுங்க" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒருநாளும் தேறாது என்று நானும் மனசுக்குள் நினைத்ததுண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.

தாடி


ஜூலை 6

உங்கள் கடிதம் கிடைத்தது.

என் வட்டத்தை நான் உலர்த்தி அளந்தேன். அடுப்பு இல்லாததால் தடித்த கண்ணாடி ஜாடி ஒன்றில் வைத்து, சூடான மணலில் புதைத்து, பம்பு போட்டு உலர்த்தினேன். காற்று துளியும் புகாதபடி மூடியின் விளிம்பில் சிலிக்கோன் கிரீஸ் தாராளமாகத் தடவினேன். எடை நின்ற பிறகும் விட்டு வைத்தேன். எதிலும் குறை வைக்கவில்லை. எண் முதல் சவ்வைவிட மோசம். மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் அதே.

ஒரே படலம். பக்கத்துப் பக்கத்தில் வெட்டிய வட்டங்கள். ஒன்று தேறி, ஒன்று தோற்க வழியில்லை. நீங்கள் அதை உலர்த்தவில்லை, அல்லது உலர்த்துவதற்கு முன் அளந்த எண்ணை எழுதிவிட்டீர்கள். பயமாக இருக்கிறது என்று நான் எழுதியிருக்கக் கூடாது. கட்டிலில் கிடந்தவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்த மாதிரி எனக்கு ஓர் எண்ணை உரித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

கரைப்பான் தங்கிய சவ்வை லித்தியத்தோடு வைத்து மூடினால் என்ன ஆகும் என்று எனக்கு எழுதியதே நீங்கள்தான். அந்த செல்லுக்குப் பக்கத்தில் ஆட்கள் நடமாடுகிறார்கள். ஆகவே உங்கள் மேலாளருக்கு நேற்றே எழுதிவிட்டேன். என் சவ்வு உலர்ந்த நிலையில் கடத்துவதில்லை, சொல்லப்பட்ட எண் சரியல்ல, வேலை உத்தரவு வேண்டாம் என்று.

முதலில் உங்களிடம் ஏன் கேட்கவில்லை என்பீர்கள். கேட்டால் இல்லை என்று சொல்வீர்கள். நான் நம்பிவிடுவேன். நம்ப அவ்வளவு ஆசையாக இருக்கிறது. அதனால்தான் கேட்கவில்லை.

மேசையை எடுத்துவிடுங்கள்.


ஜூலை 15

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவாய். முதல் வரியைப் படித்துவிட்டு அம்மா வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. நிதானம் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது, மிச்சத்தைப் படிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

உன் இன்னொரு கடிதம் அவர் மேசைமேல் இருந்தது. "உங்க மனைவியே எழுதியிருக்காங்க. நான் என்ன பண்ண?" என்றார். அவர் குரல் உயரவில்லை. மனைவியின் சவ்வைக் கணவன் அளக்கலாமா என்று கேட்டவரும் அங்கே இருந்தார். நான் உலர்த்தினேன் என்றேன். எடைகளைக் காட்டினேன். அந்த எடைகளை எழுதியதும் நீங்கள்தானே என்றார்கள். அந்த வட்டத்தையே எடுத்து வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள் என்றேன். செல் தீப்பிடிக்குமோ என்ற பயத்தில் அன்று காலையே அதைப் பிரித்து, கரைத்துக் கொட்டிவிட்டார்களாம். என்னைச் சோதனை அறைக்குள் வர வேண்டாம் என்றார்கள். நடைவழியில் வந்து நின்றுதான் உன் கடிதத்தின் மிச்சத்தைப் படித்தேன்.

கிரீஸ் என்ற வார்த்தைக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே இறக்கிவிட்டேன்.

சூடும் வேக்யூமும் சேர்ந்தால் அந்தக் கிரீஸிலிருந்து ஆவி கிளம்பும். கிளம்பி உன் சவ்வின் மேல் தோலாகப் படியும். அந்தத் தோல் எதையும் கடத்தாது. அதுவும் சிலிக்கான், இதுவும் சிலிக்கான். என்ன பொருள் என்று இனம் காட்டும் எந்தக் கருவியில் வைத்துப் பார்த்தாலும் இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் கோடு விழும், உன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் அடுப்பில் ரப்பர் வளையம்தான், கிரீஸ் கிடையாது. அளக்கும்போது கருவி வரைகிற படத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் அரைவட்டம் விழுமே, அது ஒன்றா இரண்டா என்று பார்த்தாயா? கோடு முடிகிற இடத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டிருப்பாய், உனக்கு அதுதான் பழக்கம். இரண்டு இருக்கும் பார். சின்னது சவ்வு, பெரியது மேலே படிந்த தோல். கிரீஸைக் கரைக்கிற ஹெக்சேன் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் மெதுவாகத் துடைத்துவிட்டு, ஜாடி இல்லாமல் உலர்த்தி அள.

நான் பொய் சொல்லவில்லை. இதை எழுதும்போதே இது எப்படிக் கேட்கும் என்று தெரிகிறது. நீ ஒரே ஒரு தடவை போன் செய்து கத்தியிருந்தால்கூடப் போதும். ஜாடியைப் பற்றி அப்போதே கேட்டிருப்பேன்.


ஆகஸ்ட் 2

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு அரைவட்டம். சின்னதை நான் ஒரு வளைவு என்றுகூட மதிக்கவில்லை. துடைத்தேன். பக்கத்துத் துறையில் கெஞ்சி அவர்கள் அடுப்பை வாங்கி உலர்த்தினேன். அளந்தேன். நீ எழுதிய அதே எண். கடைசி இலக்கம்வரை அதே எண். கருவியின் முன்னால் நின்று வாய்விட்டு அழுதேன். அங்கே இருந்த பெண் சவ்வு கெட்டுவிட்டது என்று நினைத்து என்னைத் தேற்றினாள்.

எனக்கு வேண்டியது இதுதான். இத்தனை வருஷமாக இதற்குத்தான் கிடந்தேன். இது பொய்யாக இருந்திருந்தாலாவது உன்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உங்கள் மேலாளருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். தப்பு என்னுடையது, உன் எண்தான் சரி, கிரீஸ் விஷயம் இது என்று. வட்டத்தைத் தனிப் பார்சலில் அனுப்பினேன். பார்சல் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. கூடவே நாலு வரி. இன்று இல்லை என்றும் நாளை உண்டு என்றும் சொல்லப்படும் பொருளை, அதுவும் ஒரே குடும்பத்துக்குள்ளிருந்து சொல்லப்படுவதை, நிறுவனம் எடுத்துக்கொள்வதற்கில்லை. மரியாதையான கடிதம். ஒரு வார்த்தையில்கூடக் குறை சொல்ல முடியாது.

அன்றைக்கு நீ முதல் சவ்வை ஒன்றுக்கும் உதவாது என்று எழுதினாயே, அதைவிட நேர்மையாக ஒருவன் எப்படி இருக்க முடியும்? நான் அதைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி கட்டிலிலிருந்து நான் இன்னும் இறங்கவே இல்லை போலிருக்கிறது. நீ எதைச் சொன்னாலும் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன்.

அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். வேலை இல்லை, உத்தரவு இல்லை. சவ்வோடுதான் வருவேன் என்று வீறாப்பாகச் சொன்னவள், இப்போது வெறும் கையோடு கேட்கிறேன். நான் வரட்டுமா? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னால் உட்காருகிறேன். நீ வா என்று ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன்.

ஜவ்வு


ஆகஸ்ட் 19

ஜவ்வுக்கு,

உன் எண்ணைப் படித்தேன். படித்ததும் நம்பினேன். படத்தை அனுப்பு, பார்க்கிறேன் என்று எழுதத் தோன்றவே இல்லை. அது தோன்றவில்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அப்போதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வேலையை விட்டுவிட்டேன். போகச் சொல்லவில்லை, ஆனால் தினமும் சோதனை அறைக் கதவுக்கு வெளியே ஒரு மேசையில் உட்கார்த்திவைத்தார்கள். நான் எடுத்த எந்த அளவையும் இன்னொருவர் மறுபடி எடுத்தார். பழைய அளவுகளையும் தோண்டுகிறார்கள். அதில் ஒன்றும் கிடைக்காது. கிடைக்காது என்பதால் தோண்டுவதை நிறுத்தவும் மாட்டார்கள். வேறு ஊரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே எதையும் அளக்க வேண்டியதில்லை.

சவ்வு நல்ல சவ்வு. வேறு இடங்களுக்கு அனுப்பு, விடாதே. நான் அளந்தேன் என்று மட்டும் எங்கும் சொல்லாதே. என் பெயர் வந்தால் நம்ப மாட்டார்கள்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வா என்று எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். நீ வந்தால் என்ன நடக்கும் என்று இந்த வீட்டில் ஒவ்வோர் அறையாக நின்று நினைத்துப் பார்த்தேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்வேன், நீ என் முகத்தைப் பார்ப்பாய். நீ பார்க்கிறாயா என்று நான் பார்ப்பேன். தலைவலி ஒன்றும் இல்லை என்பேன், நீ எனக்குத் தெரியாமல் டாக்டருக்குப் போன் செய்வாய். செய்யாவிட்டாலும் செய்திருப்பாயோ என்று நான் நினைப்பேன். உன்னால் நம்ப முடியாமல் போனதற்கு நான்தான் முதல் காரணம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொய்க்கு எத்தனை வருஷம் உண்மை பேசினால் ஈடாகும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அது முடிந்துவிட்டது என்று ஜூன் மாதம் நினைத்தேன்.

கோபம் இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். இருக்கிறது. 'நீ எனக்கு வேண்டாம்' என்று நான் எழுதினால் அதுவும் பொய். வேண்டும். ஆனால் வர வேண்டாம்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன். மேசையை அக்கா எடுத்துக்கொள்கிறாள். போகிற ஊரை அவளிடம்கூடச் சொல்லவில்லை, நீ கேட்டால் அவளால் மறைக்க முடியாது. இந்த விலாசத்துக்கு இனி எதையும் அனுப்பாதே, கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் இருக்காது.

தாடி